எஸ்எஸ் முத்திரை வேண்டாம், 307 போதும்: ஒரு பழைய நோவாவைத் தேர்ந்தெடுத்த கதை

பானெட்டைத் திறந்ததும் என் நண்பர் கார்புரேட்டரைப் பார்க்கவில்லை, பளபளவென்று மின்னிய வால்வு கவர்களையும் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன லென்ஸை எடுத்தார். வலது பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் இருக்கும் சின்னத் தட்டையான இடத்தைத் துணியால் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். செவர்லேயின் எட்டு சிலிண்டர் வி8 இன்ஜினில் அடையாள எண் அடிக்கும் இடம் அதுதான். தொழிற்சாலையில் அந்தப் பரப்பை ஒரே இழுப்பில் செதுக்கி எடுப்பார்கள். அதனால் தலைமுடி மாதிரி மெல்லிய நேர்கோடுகள் ஒரே திசையில் ஓடும். இந்த இன்ஜினில் நேர்கோடே இல்லை. வட்ட வட்டமாகக் கீறல்கள், அதன்மேல் புத்தம்புதிதாக அடித்த எண்கள்.

லென்ஸை என்னிடம் நீட்டினார். முப்பத்தைந்து வருடம் மெஷின் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர், என் பக்கத்து வீட்டுக்காரர். எனக்கும் அந்தக் கீறல்கள் தெரிந்தன. இன்ஜினைப் பிரித்துச் சீர்செய்யும்போது அந்த இடத்தையும் சேர்த்து அரைத்துவிடுவது உண்டு, அது குற்றமில்லை. ஆனால் விற்பவர் “இந்தக் காரோடு பிறந்த இன்ஜின், அசல் எஸ்எஸ்” (செவர்லேயின் வேகமான ‘சூப்பர் ஸ்போர்ட்’ வகை) என்று சொல்லித்தான் 58,000 டாலர் கேட்டார். அந்தப் பேச்சுக்கு இந்த உலோகம் சாட்சி சொல்லவில்லை. நன்றி சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினோம்.

அது செவர்லேயின் 1969 கமாரோ. டெட்ராய்டுக்கு மேற்கே புறநகரில் எங்கள் தெரு இருக்கிறது. அவர் சின்ன வயதில் பார்த்து ஏங்கிய வண்டி அந்தக் கமாரோதான். ஓய்வுக்குப் பிறகு ஒரு பழைய மசில் கார், அதாவது பெரிய இன்ஜின் வைத்த வேகக் கார், வாங்க வேண்டும், தன் கையாலேயே மேம்படுத்த வேண்டும், வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது ஓட்ட வேண்டும் என்பது அவர் திட்டம். ஷெட்டில் போர்வை போட்டு மூடி வைக்க அவருக்கு ஆசையில்லை. மொத்தம் 45,000 டாலர் ஒதுக்கியிருந்தார்: காருக்கு 22,000, வேலைக்கு 18,000, மீதி கைச்செலவுக்கு. எனக்கு வேலை பிரேக் சோதனைப் பிரிவில். அதனால் கூட வரச் சொன்னார். கார் அமைவதற்கு ஏழு மாதம் ஆனது. தேடல் எப்படித் திசை மாறியது, கடைசியில் ஏன் செவர்லேயின் ஒரு சாதாரண 1972 நோவா வந்து நின்றது என்பதை எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் வேறு யாருக்காவது உதவலாம்.

முதலில் கொஞ்சம் பின்னணி. நடுத்தர உடலில் பெரிய கார்களுக்கான இன்ஜினைப் பொருத்தி, இளைஞர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் விற்பது என்ற வழக்கத்தை 1964 போண்டியாக் ஜிடிஓ சூடு பிடிக்க வைத்தது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் கூடாது என்று, போண்டியாக்கையும் செவர்லேயையும் வைத்திருந்த ஜெனரல் மோட்டார்ஸுக்குள்ளேயே ஒரு விதி இருந்தது. போண்டியாக் பொறியாளர்கள் 389 கன அங்குல இன்ஜினைத் தனி மாடலாகக் காட்டாமல், டெம்பெஸ்ட் காருக்கான கூடுதல் வசதிப் பொட்டலமாக விற்று விதியைச் சுற்றிப் போனார்கள். இது வெறும் பழங்கதை இல்லை, இன்று கார் தேடுகிறவருக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம். அந்தக் காலத்துப் பெரிய பெயர்கள் பலவும் இப்படிக் கூடுதல் பொட்டலங்கள்தான். ஆகவே காரின் அடையாள எண்ணில், அதாவது வின் எண்ணில், பல நேரம் அந்தப் பெயருக்குத் தடயமே இருக்காது.

நாங்கள் பார்த்த கமாரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1969 கமாரோவின் வின் 124 என்று தொடங்கினால் அது வி8 கார் என்று பொருள். அதற்கு மேல் எண் எதுவும் சொல்லாது. எஸ்எஸ்ஸா, சாதாரண வி8-ஆ என்பதற்குப் பழைய ரசீது, பாகங்களில் வார்த்திருக்கும் தேதிகள், அடித்த எண்கள் என்று வேறு சான்றுகள் தேவை. முத்திரை வாங்கி ஒட்டுவது அரை மணி நேர வேலை. அந்த முத்திரைக்குச் சந்தை தரும் விலையோ பல ஆயிரம் டாலர்.

கமாரோவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் நான் அவரிடம் ஒன்று கேட்டேன். அது உண்மையான எஸ்எஸ் என்றே வைத்துக்கொள்வோம். பிரேக்கை மாற்றுவீர்களா, கியர்பாக்ஸை மாற்றுவீர்களா, தரையில் துளை போடுவீர்களா? நீண்ட நேரம் பேசாமல் ஓட்டினார். அப்புறம், “மாட்டேன்” என்றார். அசல் என்பதற்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்கி, அந்த அசலை நம் கையாலேயே அழிப்பது சரியாக வராது. அழிக்காமல் விட்டால் அவர் நினைத்தபடி ஓட்டவும் முடியாது. அன்று முதல் எங்கள் தேடலுக்கு அடிப்படை மாறியது. புகழ்பெற்ற மாடலை விட்டுவிட்டு, அதே எலும்புக்கூடு கொண்ட எளிய காரைத் தேட ஆரம்பித்தோம். இன்ஜினை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். துருப் பிடிக்காத உடலைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

அடுத்து 1966 மஸ்டாங் கூப்பே ஒன்று. ஃபோர்டு இந்த விஷயத்தில் நேர்மையானது, வின் எண்ணிலேயே இன்ஜின் குறியீடு இருக்கும். 6எஃப்07சி என்று தொடங்கியது அந்தக் கார்: 1966, டியர்போர்ன் ஆலை, கூப்பே, இரட்டைக் குழல் கார்புரேட்டர் வைத்த 289 கன அங்குல வி8. பாகங்களைப் பொறுத்தவரை மஸ்டாங்குக்கு ஈடே இல்லை. எந்தத் தகடு கெட்டாலும் புதிது கிடைக்கும். வெளியே பெயின்ட் அருமையாக இருந்தது.

நான் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் கொண்டுபோயிருந்தேன். முன் கண்ணாடிக்குக் கீழே, காற்று உள்ளே போவதற்கான கம்பிச் சாளரம் போன்ற திறப்புகள் இருக்கின்றன அல்லவா, உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு அதில் மெதுவாக ஊற்றினேன். நல்ல காரில் அந்தத் தண்ணீர் இரண்டு ஓரமாக ஓடி, முன் சக்கரங்களுக்குப் பின்னால் தரையில் விழ வேண்டும். நண்பர் டார்ச்சை வைத்துக்கொண்டு டாஷ்போர்டுக்குக் கீழே தலையை நீட்டிப் படுத்திருந்தார். “சொட்டுது” என்று குரல் வந்தது. பயணி கால் வைக்கும் கம்பளத்தில் கறுப்பாக ஈரம் பரவியது. பழைய மஸ்டாங்குகளில் பெயர்போன நோய் இது. இரண்டு தகடுகளைச் சேர்த்து வெல்டிங் செய்த பெட்டி அது. உள்ளே இலையும் மண்ணும் தேங்கி, மேலே அழகாக இருக்கும்போதே அடியில் அரித்துவிடும். சரிசெய்ய வேண்டுமென்றால் ஃபெண்டர்களைக் கழற்றி, வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுக்க வேண்டும்.

அந்தக் காரில் என்னை இன்னும் அதிகமாகப் பயமுறுத்தியது, பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர். 1966 வரை மஸ்டாங்கில் ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டர்தான். நான்கு சக்கரத்தில் எந்தக் குழாய் எங்கே கசிந்தாலும் மொத்த பிரேக்கும் போய்விடும். 1967-ல்தான் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை வந்தது. இதை மாற்றுவது பெரிய செலவில்லை, 1967 மாடல் பாகத்தை வைத்து மாற்றிவிடலாம். ஆனால் மாற்றாமலேயே நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் கார்கள் நிறைய இருக்கின்றன. 1966 அல்லது அதற்கு முந்தைய காரை வாங்குகிறவர்கள், தயவுசெய்து வீட்டுக்கு ஓட்டி வருவதற்கு முன்னாலேயே இதைக் கவனியுங்கள்.

செவர்லேயின் இன்னொரு மாடலான செவெலை விலை காரணமாகச் சீக்கிரமே விட்டுவிட்டோம். தனி ஃப்ரேம் மேல் உடல் உட்காரும் உறுதியான வண்டி, ஆனால் எங்கள் பட்ஜெட்டில் கிடைத்தவை எல்லாம் துருப்பிடித்தவை. 318 இன்ஜின் வைத்த பிளிமத் டஸ்டர் ஒன்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. முன்பக்கம் காயில் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்குத் தண்டு, எளிமையான கட்டமைப்பு, எடையும் குறைவு. நாங்கள் யோசித்துக்கொண்டிருந்த வாரத்திலேயே வேறொருவர் வாங்கிப் போய்விட்டார். இன்றும் அதை நினைத்து எனக்கு வருத்தம் உண்டு.

சரி, நோவாவுக்கு வருவோம்.

1967 முதல் 1969 வரை வந்த முதல் தலைமுறை கமாரோவின் பின்பாதி தகடாலேயே கட்டிய ஒற்றை உடல். முன்பாதியில் இன்ஜினையும் சக்கரங்களையும் தாங்கும் தனி சப்ஃப்ரேம் போல்ட்டுகளால் மாட்டப்பட்டிருக்கும். 1968-ல் வந்த நோவாவும் இதே முறையில் கட்டியதுதான். அந்த முன் சப்ஃப்ரேம் கமாரோவினுடையதேதான் என்று சொல்லலாம். சக்கர இடைவெளி கமாரோவுக்கு 108 அங்குலம், நோவாவுக்கு 111. கமாரோவுக்கென்று சந்தையில் விற்கும் கண்ட்ரோல் ஆர்ம், ஸ்பிரிங், ஸ்டீயரிங் பாகங்கள், டிஸ்க் பிரேக் ஸ்பிண்டில் எல்லாம் இதிலும் உட்காரும். விலை மட்டும் கமாரோவின் பாதி, சில நேரம் அதற்கும் கீழே. காரணம், நோவா பள்ளி ஆசிரியரும் தபால்காரரும் வாங்கிய குடும்பக் கார். இந்த விலை வித்தியாசம் முழுக்க முழுக்க ஆசைக்கான விலை, எஃகுக்கான விலை இல்லை.

நோவாவிலும் ஏன் 1972? நண்பரும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அலசியது இதைத்தான்.

1973-ல் மோதலைத் தாங்கும் பம்பர் விதி அமெரிக்காவில் அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்த கார்களின் பம்பர் கனத்து, முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். மெல்லிய குரோம் பம்பருக்கு 1972 கடைசி வருடம். அதே 1972-ல்தான் செவர்லே வின் எண்ணில் இன்ஜின் எழுத்தைச் சேர்த்தார்கள், அதனால் எந்த இன்ஜினோடு பிறந்த கார் என்பதில் ஏமாற்ற இடமில்லை. 1971-லேயே ஜெனரல் மோட்டார்ஸ் ஈயமில்லாப் பெட்ரோலுக்குத் தயாராக அமுக்க விகிதத்தைக் குறைத்துவிட்டது. நோவாவின் 307 கன அங்குல இன்ஜினுக்கு அது 8.5-க்கு 1. இன்றைய சாதாரணப் பெட்ரோலிலேயே தட்டல் சத்தம் (நாக்கிங்) இல்லாமல் ஓடும். பின் ஆக்ஸிலும் அதற்குள் வலுவான 8.5 அங்குல வகைக்கு மாறியிருந்தது. முந்தைய 8.2 அங்குலத்தை விட இதற்குத் தாங்கும் சக்தி அதிகம், பாகமும் சுலபமாகக் கிடைக்கும்.

பலர் 1972 என்றதும் முகம் சுளிப்பார்கள், “குதிரைத் திறன் போய்விட்ட வருடம்” என்பார்கள். இதில் பாதி கணக்கு மாறியதால் வந்த மயக்கம். 307 இன்ஜினுக்கு 1968-ல் 200 குதிரைத் திறன் என்று அச்சிட்டார்கள், 1972-ல் 130. முன்னது, ஏர் ஃபில்டர், சைலென்சர் போன்றவை இல்லாமல் இன்ஜினை மட்டும் மேடையில் வைத்து அளந்த மொத்தக் கணக்கு. பின்னது, காரில் இருப்பது போலவே எல்லாம் மாட்டி அளந்த நிகரக் கணக்கு. அமுக்க விகிதம் குறைந்ததால் உண்மையிலேயே கொஞ்சம் சக்தி போனது, ஆனால் 70 குதிரை ஒன்றும் ஓடிவிடவில்லை. எப்படியும் இன்ஜினை மாற்றப் போகிறவருக்கு இந்த எண்ணால் லாபம்தான். பயந்து விலகுகிறவர்கள் விலையைக் குறைத்து வைக்கிறார்கள்.

இனி உடல். மிச்சிகனில் நாங்கள் பார்த்த நான்கு நோவாக்களில் மூன்று காந்தத்திலேயே தோற்றன. மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைப் பின் சக்கர வளைவிலும் கதவின் கீழ் ஓரத்திலும் வைத்துப் பார்த்தால், இரும்பு இருந்தால் இழுக்கும், பட்டி பூசியிருந்தால் நழுவி விழும். டெட்ராய்டு நகரத்துக்கு அடியிலேயே உப்புச் சுரங்கம் ஓடுகிறது. குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு ஐம்பது வருடக் காரில் எதை மிச்சம் வைக்கும்? நான்காவது கார் காந்தத்தில் தேறியது, ஆனால் வினைல் கூரை. அந்த வினைலுக்குள் புகுந்த ஈரம் வெளியே வராது. பின் கண்ணாடி ஓரத்தில் விரலை வைத்து அழுத்தினேன். அடியில் சருகு மாதிரி நொறுங்கியது.

கடைசியில் அரிசோனாவில் ஒன்று கிடைத்தது. ஃபீனிக்ஸ் வரை விமானத்தில் போனோம். வெயிலில் டாஷ்போர்டு பிளந்திருந்தது. கதவு ரப்பரைத் தொட்டால் கையில் கறுப்புப் பொடி ஒட்டியது. இருக்கை நூல்கள் கழன்று தொங்கின. நண்பரோ காரின் மேல்பக்கத்தைப் பார்க்காமல் கீழே புகுந்துவிட்டார். அரை மணி நேரம் அவர் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. டிக்கியின் கம்பளத்தைத் தூக்கினால் தொழிற்சாலைப் பெயின்ட் அப்படியே இருந்தது. சப்ஃப்ரேம் உடலோடு சேரும் இடங்களில் ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டினார், கணீர் என்ற சத்தம். இடது பின் பக்கத்தில் உள்ளங்கை அளவு பட்டி மட்டும் இருந்தது. விற்பவர் அதை முதலிலேயே சொல்லியிருந்தார்.

வின் எண்ணை வாய்விட்டுப் படித்தேன்: 1எக்ஸ்27எஃப்2டபிள்யூ. செவர்லே, நோவா, இரண்டு கதவுக் கூப்பே, 307, 1972. கடைசி எழுத்தில் நண்பர் நிமிர்ந்தார். டபிள்யூ என்றால் வில்லோ ரன், இரண்டாம் உலகப்போரில் ஃபோர்டு பி-24 குண்டுவீச்சு விமானங்களைக் கட்டிய இடம். பின்னாளில் அங்கே இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து நோவாக்கள் வெளிவந்தன. எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேர ஓட்டம். பக்கத்து ஊரில் பிறந்து, பாலைவனத்தில் ஐம்பது வருடம் இருந்து காய்ந்த கார். 23,500 கேட்டதை 20,800-க்குப் பேசி முடித்தார். லாரியில் கொண்டுவர 1,400 ஆனது.

வேலையின் வரிசையில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. முதலில் பிரேக். அந்தக் காரில் நான்கு சக்கரத்திலும் டிரம். தொடர்ந்து அழுத்தினால் டிரம் சூடாகி விரிந்து, உள்ளே இருக்கும் ஷூவை விட்டு விலகிப் போகும், பெடல் ஆழமாக இறங்கும். டிஸ்க் சூடானால் பேடை நோக்கித்தான் தடிக்கும். 300 குதிரை இன்ஜினை முதலில் வைத்துவிட்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று டிரம்மோடு ஓட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு. என் தொழிலில் நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், அதைச் செய்யாதீர்கள். முன்பக்கம் டிஸ்க், புது இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர், எல்லாக் குழாய்களும் புதிது: 1,700 டாலர்.

அடுத்து சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், சக்கரம், டயர், 4,600. அந்தக் காலத்துக் குறுக்கு நூல் டயரை நினைத்து வடிவமைத்த முன்பக்கம் இது. வளைவில் வண்டி சாயும்போது வெளிச் சக்கரத்தின் தலை வெளிப்பக்கம் சாய்ந்து, ரேடியல் டயரின் ஓரம் மட்டும் தரையில் நிற்கும். டிக் குல்ட்ஸ்ட்ரான்ட் என்ற பந்தய வீரரின் பெயரில் பழைய கமாரோக்காரர்கள் சொல்லும் வைத்தியம் ஒன்று உண்டு: மேல் கண்ட்ரோல் ஆர்ம் மாட்டும் துளையைச் சற்று கீழே இறக்குவது. நண்பரிடம் துளையைச் சரியான இடத்தில் போட வழிகாட்டும் ஜிக்கும் இருந்தது, பொறுமையும் இருந்தது. கமாரோவுக்கான வைத்தியம் நோவாவில் அப்படியே பலித்தது.

சிக்கல் வராமல் இல்லை. ரப்பர் புஷ்களை மாற்ற சப்ஃப்ரேம் போல்ட்டைக் கழற்றினோம். இடது பின் போல்ட் சுற்றிக்கொண்டே இருந்தது, வெளியே வரவில்லை. உள்ளே நட்டைப் பிடித்திருக்கும் தகட்டுக் கூண்டு உடைந்து, நட்டும் சேர்ந்து சுழன்றது. தரையில் சின்ன ஜன்னல் வெட்டி, கூண்டை மீண்டும் வெல்டிங் செய்து மூடினோம். இரண்டு வார இறுதிகள் போயின. துரு இல்லாத காரிலேயே இந்தப் பாடு. எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் ஊற வைத்திருக்க வேண்டும், நாங்கள் அவசரப்பட்டோம்.

இன்ஜினில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. 2000-களின் சில்வராடோ பிக்கப்பில் வந்த 5.3 லிட்டர் இன்ஜினைப் பழைய இரும்புக் கடையில் எடுக்கலாம் என்றேன் நான். கம்ப்யூட்டர் கட்டுப்பாடு, மைலேஜ், குளிரிலும் ஒரே திருப்பில் ஸ்டார்ட். ஆனால் மவுன்ட், ஆயில் பேன், வயரிங் எல்லாம் மாற வேண்டும். அவர் 350-தான் என்றார். 307-ம் 350-ம் ஒரே குடும்பம், அதே மவுன்ட்டில் உட்காரும். சிலிண்டர் விட்டம் 3.875 அங்குலத்திலிருந்து 4 ஆகிறது, பிஸ்டன் நகரும் தூரமான ஸ்ட்ரோக் 3.25-லிருந்து 3.48. தன் கையால் சிலிண்டரைக் குடைந்து செய்த இன்ஜினை ஓட்ட வேண்டும் என்பதுதான் அவருடைய உண்மையான காரணம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மெஷின் வேலைக்குக் கூலி இல்லாததால் 5,100-ல் முடிந்தது. கார்புரேட்டருக்குப் பதில் த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன், புது டேங்க், புது எரிபொருள் குழாய்: 2,400. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் குழாய் தாங்காது, அதைக் கட்டாயம் மாற்ற வேண்டும். 307-ஐ எண்ணெய் தடவிச் சுற்றி ஷெட் மூலையில் வைத்திருக்கிறார்.

ஓட்டும் சுகத்தை முழுக்க மாற்றியது கியர்பாக்ஸ். பழைய மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கை எடுத்துவிட்டு, 700ஆர்4 என்ற நான்கு கியர் வகை. செலவு 2,900. நான்காவது கியர் விகிதம் 0.70. முன்பு மணிக்கு 70 மைலில் இன்ஜின் நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றியது, இப்போது 2,000-க்கும் கீழே. காருக்குள் சாதாரணக் குரலில் பேச முடிகிறது. முதல் கியரும் 2.52-லிருந்து 3.06 ஆனதால், சிக்னலில் கிளம்பும்போது அந்தப் பழைய உந்தல் முதுகில் தெரிகிறது. ரேடியேட்டர், மின்விசிறி, வயரிங்குக்கு 1,800. வேலைச் செலவு மொத்தம் 18,500, திட்டத்தை விட ஐந்நூறு கூட. லாரி வாடகையோடு சேர்த்துப் பார்த்தாலும் கைச்செலவுக்கு வைத்ததில் பாதிக்கு மேல் மீதி. இன்டீரியருக்கு அது போதவில்லை, கிழிந்த இருக்கைகள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன.

ஆகஸ்டில் டெட்ராய்டின் வுட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் ஊர்வலமாகப் போகும் நாளில் இருவரும் போனோம். நல்ல வெயில். சாலை முழுக்கக் கார்கள், நடை வேகத்தைத் தாண்டவில்லை. பக்கத்து வரிசையில் ஒரு செவெல் கொதித்து ஆவி கக்கிக்கொண்டு ஓரம் கட்டியது. எங்கள் வெப்பமானி முள் 190 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நின்றது, ஏறவில்லை. சிக்னலில் ஓர் இளைஞர் ஜன்னலைத் தட்டி இது எஸ்எஸ்தானே என்று கேட்டார். நண்பர் கீழே இறங்கிப் பானெட்டைத் திறந்தார். எண் அடித்த இடத்தைக் காட்டி, காரின் எண்ணில் இருக்கும் எழுத்து எஃப், 307 என்று பொருள், இது வேறு இன்ஜின், நானே சிலிண்டரைக் குடைந்து செய்தது என்று விளக்க ஆரம்பித்தார். சிக்னல் பச்சையானது, பின்னால் ஹாரன் அடித்தார்கள், அவர் இன்னும் காட்டிக்கொண்டிருந்தார்.